உரிமையும் உடைமையும்: இரட்டைமலை சீனிவாசனார் வாழ்வு

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர், வரலாறு பயிலும் மாணவர்க்குப் புதிய பெயரன்று. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவரை இவ்வூரில் வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு பேசுகிறது. 1780ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் ஐதர் அலியும் அவர்தம் மைந்தர் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை இவ்வூர்ப் புறத்தே முறியடித்தனர். சீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியம் அப்போர்க் காட்சியை இன்றும் நமக்குக் காட்டுகிறது. மறு ஆண்டே ஐதரும் சர் அயர் கூட்டும் இதே களத்தில் மீண்டும் பொருதனர்.

வேந்தர் பெயரும் தளபதியர் பெயரும் செப்பேட்டிலும் சுவரிலும் நிலைத்தன. அப்போர்களின்போது மிதிபட்ட வயலை உழுது, நாற்று நட்டு, களத்தில் நெல் தூற்றிய மக்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. மன்னர் மாறினர், கொடி மாறியது, உழுபவன் கையில் மட்டும் நிலம் வரவில்லை. ஏன் வரவில்லை, வந்தபோதும் ஏன் நிற்கவில்லை என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர், பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஈன்ற பெருமகனார் ஒருவரின் வாழ்க்கையைக் கற்றல் வேண்டும். அவரே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். அப்பெரியாரின் வரலாற்றை உடைமை என்னும் ஒரு நோக்கில் வைத்து ஈண்டு நாம் காண முற்படுகின்றோம்.

நிலத்தின் கதை

சீனிவாசனார் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர், 1763இல், ஆர்க்காட்டு நவாபு இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக வழங்கினார். ஐதர் காலத்துப் போர்களால் ஊர்கள் பாழடைந்தன. போர் ஓய்ந்த பின் வரி தண்டுவதற்காகக் கும்பினியார் ஊர்களின் உரிமை முறைகளை ஆராய்ந்தனர். அப்போது முன்னின்றது மிராசு என்னும் உரிமை. திருக்குறளில் தோய்ந்த அறிஞராக நாம் போற்றும் எல்லிசு துரையும் மிராசு பற்றி விரிவாக எழுதினார். அந்நூல் 1818இல் அச்சாயிற்று.

மிராசுதாரர்கள் விளைநிலத்தின் மீது மட்டும் உரிமை கொண்டாடினார் அல்லர். ஊரின் தரிசும், சேரி மக்கள் குடியிருந்த மனையுங்கூடத் தம்முடையவை என்றனர். தரிசு நிலம் வேண்டித் தர்க்காஸ்து கொடுக்கும் ஏழை, முதலில் மிராசுதாரரின் இசைவைப் பெற வேண்டியிருந்தது. கூலி உயர்த்திக் கேட்டவனைக் குடிசையை விட்டே வெளியேற்ற இயன்றது. திருமணத்துக்கோ ஈமச் சடங்குக்கோ பெற்ற சிறு கடன், தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிப் பண்ணையாள் என்னும் கட்டாக மாறியது. இருக்க மனையில்லை, உழ நிலமில்லை, கொடுத்த வாக்கைக் காக்கும் எழுத்துமில்லை. இந்நிலையில் இருந்த ஒரு குடியில்தான் நம் பெருமகனார் தோன்றினார்.

பிறப்பும் கல்வியும்

மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் சீனிவாசனார் பிறந்தார். 2019இல் மாவட்டம் பிரிக்கப்பட்டதால் இன்று அவ்வூர் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கும். இரட்டைமலை என்பது அவர்தம் தந்தையாரின் பெயர். அதனைத் தம் பெயருக்கு முன் விரித்தெழுதியே அவர் வாழ்நாள் முழுதும் வழங்கி வந்தார்.

குடும்பம் பிழைப்பை நாடித் தஞ்சைப் பக்கம் சென்றது. பின்னர்க் கோவைக்குப் பெயர்ந்தது. கோவைக் கலாசாலையில் நானூறு மாணவர் அளவில் பயின்ற காலத்தில், தம் குலத்தைச் சேர்ந்தோர் அங்கு இல்லை என்னும் தனிமை அவரை வாட்டியது. உடன் பயில்வோர் தம் ஊரையும் உறவையும் வினவி விடுவரோ என்று அஞ்சி, மணி அடிக்கும் வரையில் வெளியே நின்று, வகுப்பு முடிந்ததும் விரைந்து வீடு திரும்பிய நாள்களை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிந்துள்ளார். விளையாட்டில் கலந்துகொள்ளவும் அவருக்குத் துணிவு வரவில்லை. அறிவில் பின்தங்காத ஒரு சிறுவன் தன் இருப்பையே மறைத்துக்கொண்டு கற்க வேண்டியிருந்த கொடுமையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கல்வியின் பயனாக நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிலையங்களில் கணக்கர் பணி கிடைத்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கே கழிந்தன. 1887இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். அவர்தம் சகோதரி தனலட்சுமியை மணந்தவர் பண்டிதர் அயோத்திதாசர் ஆவார். பின்னாளில் இவ்விருவரும் வெவ்வேறு நெறியில் சென்றாலும், ஒரே இல்லத்து உறவில் இரு பேரறிஞர்கள் வாய்த்தமை தமிழ்நாட்டின் பேறு. நீலகிரியில் வரவு செலவுக் கணக்கெழுதிய கை, தன் மக்களின் வரவையும் செலவையும் எண்ணத் தொடங்கியது. உழைப்பு முழுதும் ஒரு பக்கம் செல்வதையும், அதன் பயன் மறுபக்கம் சேர்வதையும் அக்கணக்கு காட்டியிருக்கும் அன்றோ! 1890இல் அவர் சென்னை வந்தடைந்தார்.

மூன்று ஆண்டுகள், மூன்று கதவுகள்

சென்னைக்கு அவர் வந்த பின் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று தொடர்புடையன.

முதலாவது, நிலம் பற்றியது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரெமென்கீர் துரை, தம் மாவட்டத்துப் பறையர்களின் நிலையை ஆராய்ந்து 1891இல் ஓர் அறிக்கை அளித்தார். ஆதம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி முதலிய மறைப்பணியாளர்களும் இம்மாவட்டத்து நிலைமையை முன்னரே எடுத்துரைத்து வந்தனர். கூலி, கடன், குடியிருப்பு, கல்வி ஆகியன எவ்வாறு ஒன்றையொன்று பிணித்து நின்றன என்பதை ஆட்சியர் விளக்கினார். குடியிருப்பு மனையை அவர்க்கே உரிமையாக்குதல், தரிசு நிலத்தை அவர்க்கு வழங்குதல் முதலிய பரிந்துரைகளையும் முன்வைத்தார். அதன் விளைவாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள் சென்னை அரசு ஆணை பிறப்பித்தது. அவ்வழியே வழங்கப்பட்ட நிலங்களே பின்னர்ப் பஞ்சமி நிலம் என்றும், டி.சி. நிலம் என்றும் மக்கள் வழக்கில் பெயர் பெற்றன. சென்னை மாகாணத்தில் இவ்வகை நிலம் 12 இலட்சம் ஏக்கர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

இரண்டாவது, கல்வி பற்றியது. 1893ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் வெளியான அரசாணை, பஞ்சமர் பள்ளிகளுக்குத் தனி உதவிகளை அறிவித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளியொன்றைத் தொடங்கினார்.

மூன்றாவது, குரல் பற்றியது. 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சீனிவாசனார் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. பிறர் இழிவாக வழங்கிய பெயரைத் தலைப்பாகவே பொறித்து, தலைநிமிர்ந்து வெளிவந்த இதழ் அது. சிறிய கைப்பொருளுடன் தொடங்கிய முயற்சி, திங்களிதழாயிருந்து வார இதழாக வளர்ந்தது. தனக்கென அச்சுக்கூடமும் கண்டது. 1900 வரை அது வெளிவந்தது. அரசு என்ன ஆணை பிறப்பித்தது, எங்கு விண்ணப்பம் செய்ய வேண்டும், யார் அதனைத் தடுக்கின்றார் என்பனவற்றை எழுத்தறிந்த ஒருவர் படிக்க, எழுத்தறியாத பலர் கேட்டறிய அவ்விதழ் வழிசெய்தது. ஆணை கோட்டையில் பிறக்கலாம். அஃது உழவன் குடிசைக்குச் செல்ல ஒரு தூதன் வேண்டும். அத்தூதனாக அவ்விதழ் அமைந்தது.

நூற்றுப் பன்னிரண்டு அடி விண்ணப்பம்

இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று அக்காலத்துக் காங்கிரசு கோரியது. நாடு முழுதும் அதனைப் போற்றியபோது, சீனிவாசனார் எதிர்த்து நின்றார். 1893 டிசம்பரில் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றது.

இச்செயலை நாட்டுப்பற்றின்மை என்று பழித்தவர் உண்டு. நாம் அதனை அக்காலத்து வருவாய்த் துறையின் பின்னணியில் வைத்துக் காணுதல் வேண்டும். தரிசு நிலத்துக்கான தர்க்காஸ்து கர்ணத்தின் கையைத் தாண்ட வேண்டும். தாசில்தாரைத் தாண்ட வேண்டும். ஆட்சியரை அடைய வேண்டும். கீழ்ப்படிகள் யாவும் ஏற்கெனவே நிலமுடையார் கையில் இருந்தன. மேற்படியும் அவர்க்கே உரியதாகுமானால் ஏழையின் மனு எங்கே சென்று சேரும்? கல்வி வாய்ப்புச் சமமாகாத நிலையில் நடைபெறும் போட்டி, முன்னரே வென்றவரையே மீண்டும் வெல்லச் செய்யும் என்பது அவர் கொண்ட அச்சம். அவ்வச்சத்தில் நியாயம் இருந்தது என்பதை மறுத்தல் அரிது.

கடல் கடந்த ஆண்டுகள்

1900இல் அவர் தாயகம் விட்டுக் கடல் கடந்தார். இங்கிலாந்து செல்லும் எண்ணத்துடன் புறப்பட்டவரைக் காலம் ஆப்பிரிக்கக் கரையில் நிறுத்தியது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலர் வாழ்ந்த நிலம் அது. அங்கே காந்தியடிகளோடும் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது.

அவர் அந்நாட்டில் வாழ்ந்த காலத்திலேயே, 1913இல், கறுப்பின மக்களின் நிலவுரிமைச் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. பெயர் நிலச்சட்டம், செயலோ நிலப்பறிப்பு. நாட்டின் பெரும்பான்மையினரான கறுப்பின மக்கள், ஏறத்தாழ நூற்றில் ஏழு பங்கு நிலத்துக்குள் அடைக்கப்பட்டனர். தம் மண்ணில் நிலமிழந்தவர் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் குறைந்த கூலிக்குச் செல்ல நேர்ந்தது.

அமெரிக்க நாட்டிலும் இதற்கொப்ப ஒன்று முன்னரே நிகழ்ந்திருந்தது. அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்குக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் என்று 1865ஆம் ஆண்டு ஜனவரியில் தளபதி செர்மன் ஆணையிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய உடைமையாளர்க்கே மீளச் செய்தார். விடுதலை கிடைத்தது, விளைநிலம் கிடைக்கவில்லை. அதன் விளைவை ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்நாட்டு நகரங்களில் கறுப்பினக் குடும்பங்களின் வறிய கையிருப்பில் காண்கின்றோம். செங்கற்பட்டுச் சேரியும் சவானா நகரமும் கடலால் பிரிந்தவை. ஒரே வினாவால் இணைந்தவை.

சட்டமன்றத்தில்

1921இல் சீனிவாசனார் தாயகம் திரும்பினார். நாடு மாறியிருந்தது. 1920 அளவில் சென்னை அரசு தொழிலாளர் துறையை நிறுவி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை, கிணறு, பள்ளி, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றை அமைக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்திருந்தது. 1922இல் எம்.சி. இராசா அவர்களின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசு வழக்கில் ஏற்கப்பட்டது. 1923இல் சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார்.

1924இல் அவர் கொணர்ந்த தீர்மானம் வரலாற்றுச் சிறப்புடையது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அவை அதனை ஏற்றது. 1925இல் அரசு அதனை அறிவித்தது. இதனை வெறும் மான உரிமையாக மட்டும் நாம் கருதிவிடல் ஆகாது. தெருவில் நடக்க இயலாதவன் சந்தைக்குச் சரக்குக் கொண்டு செல்ல இயலாது. கச்சேரி வாயிலை அண்ட இயலாதவன் பத்திரம் பதிய இயலாது. குளத்து நீரைத் தொட இயலாதவன் பயிர் காக்க இயலாது. வழியும் நீரும் உடைமையின் தாய் தந்தையர். அவற்றைத் திறந்துவிட்டவர் பொருளியல் வாயிலையும் திறந்தார் என்பதே நம் துணிபு.

இலண்டனும் பூனாவும்

1930இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் இருவர் அழைக்கப்பெற்றனர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசனார். எழுபது அகவையைக் கடந்த முதியவரும், நாற்பதை எட்டாத இளையவரும் தோளோடு தோள் நின்ற காட்சி அது. 1932ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்திலும் சீனிவாசனார் ஒப்பமிட்டார். அவ்வொப்பந்தத்தின்படி மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 30 சென்னை மாகாணத்துக்கு உரியவை.

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்கள் அவரைத் தேடி வந்தன. 1939இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் பெயரில் தம் வாழ்க்கைக் குறிப்பை வெளியிட்டார். 1945ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு நினைவு மண்டபம் அமைந்துள்ளது.

நிலம் நழுவிய வகை

அப்பெரியார் வாழ்நாளில் வழி திறந்தது, பள்ளி திறந்தது, சட்டமன்றம் திறந்தது. ஆனால் 1892இல் தொடங்கி வழங்கப்பட்ட நிலம் என்னாயிற்று? இவ்வினாவை எழுப்பாது அவர் வரலாற்றை முடித்தல் நன்றி மறத்தலாகும்.

அந்நிலங்கள் நிபந்தனையோடு வழங்கப்பட்டவை. மக்கள் அதனைக் கண்டிஷன் பட்டா என்பர். முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கே விற்கலாம். மீறினால் அவ்விற்பனை செல்லாது. அரசு நிலத்தை மீட்டு அம்மக்களுக்கே வழங்கலாம். எழுத்தளவில் இதனினும் வலிய வேலி வேறில்லை. ஆயினும் வேலியின் உள்ளே இருந்தவனிடம் ஏர் மாடு இல்லை, கிணறு வெட்டப் பணமில்லை, விதைநெல் இல்லை. கிடைத்த நிலமோ பெரும்பாலும் மேட்டு நிலமும் தரிசும். இரண்டு பருவம் மழை பொய்த்தால் தீர்வை பாக்கி நிற்கும். கடன் கொடுப்பவர் பக்கத்து நிலத்துக்காரரே. ஒரு கைந்நாட்டில் நிலம் கைமாறியது. பெயர் ஓரிடத்தும் விளைச்சல் ஓரிடத்தும் ஆயின. காலப்போக்கில் பெயரும் மாறியது. 1980களில் நிலப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது பஞ்சமி என்ற குறிப்பே பல இடங்களில் விடுபட்டது என்பது நிலமீட்பு இயக்கத்தாரின் முறையீடு.

நிலம் கொடுத்த அரசு, அதனை வைத்துக்கொள்ளும் வலிமையைக் கொடுக்கத் தவறியது. இதுவே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதன்மைப் பாடம். உரிமை மட்டும் இருந்து உடைமை இல்லையேல் உரிமை வறிதாகும். உடைமை கிடைத்தும் முதலும் கல்வியும் காவலும் இல்லையேல் அவ்வுடைமை ஒரு தலைமுறையில் கரையும்.

1994ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தின் தொடர்ச்சியாகச் செங்கற்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் துறந்தனர். நூறாண்டுக்கு முன் திரெமென்கீர் துரை அறிக்கை எழுதிய அதே மாவட்டத்தில், அவ்வறிக்கையால் விளைந்த நிலத்துக்காக உயிர் நீத்தனர். திருப்பெரும்புதூரும் ஒரகடமும் தொழில் நகரங்களாயின. 2022இல் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் விமான நிலையம் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. மூட்டை நெல்லுக்குக் கைமாறிய தரிசு நிலம் இன்று பெருவிலைக்கு உரியதாயிற்று. இழந்தவரின் பேரர் அந்நிலத்தின் வாயிலில் காவல் பணிக்கு நிற்பாராயின் அதனை வளர்ச்சி என்று நாம் எங்ஙனம் அழைப்போம்?

மீட்கும் வழிகள்

இழந்ததை ஈடுசெய்யும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1974இல் ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகமாகிய தாட்கோ தோன்றியது. 2012ஆம் ஆண்டு முதல் நடுவண் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் நூற்றுக்கு 4 பங்கை ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு தொழில்களிடமிருந்து பெற வேண்டுமென்னும் விதி உள்ளது. கருநாடக அரசு தன் சிறிய ஒப்பந்தப் பணிகளில் ஆதிதிராவிடர்க்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2023இல் நிலமற்ற மகளிர் வேளாண் நிலம் வாங்க விலையில் பாதியை மானியமாக அளிக்கும் நன்னிலம் திட்டமும், தொழில் முனைவோர்க்கு 35 விழுக்காடு மானியம் அளிக்கும் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டமும் வந்தன. ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு உரிய துணைத்திட்ட நிதியைப் பிறவற்றுக்குத் திருப்பாமல் காக்க 2024இல் சட்டமும் இயற்றப்பட்டது.

இவற்றை அயல்நாட்டு முயற்சி ஒன்றோடு ஒப்புநோக்குதல் பயன் தரும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1973இல் மேனார்டு ஜாக்சன் என்னும் கறுப்பினத் தலைவர் நகரத் தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நகரம் பெரிய விமான நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. ஒப்பந்தங்களில் நான்கில் ஒரு பங்கு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குச் செல்லாவிடில் பணியே நடவாது என்று அவர் உறுதியாக நின்றார். எதிர்ப்பு மிகுந்தது, அவர் தளரவில்லை. 1980இல் விமான நிலையம் திறக்கப்பட்டபோது, அந்நகரில் கறுப்பின ஒப்பந்தக்காரரும் வணிகரும் கொண்ட ஒரு புதிய நடுத்தர வகுப்பு வளர்ந்திருந்தது. அங்கே கூலியாக மட்டும் இருந்தவர், கட்டும் பணியின் பங்காளியானார். நம் மாவட்டங்களில் எழும் தொழிற்பேட்டைகளிலும் சாலைகளிலும் இவ்வறம் பின்பற்றப்படுமாயின், 1892இன் குறை ஓரளவேனும் நிறையும்.

ஆயினும் திட்டம் ஏட்டில் உள்ளது. மனு போடுபவர் ஊரில் உள்ளார். இரண்டுக்கும் இடையே இருக்கும் தொலைவைக் குறைக்கச் சீனிவாசனார் தம் காலத்தில் ஓர் இதழை நடத்தினார். இன்று அப்பணி கற்ற இளைஞரின் கையில் உள்ளது. கிராம நிர்வாக அலுவலகத்தின் அ-பதிவேட்டைப் பார்க்கத் தெரிந்தவர், வில்லங்கச் சான்று வாங்கத் தெரிந்தவர், வங்கிக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் ஓர் ஊரில் இருவர் இருந்தால் போதும். அவ்வூரில் ஒரு குடும்பமேனும் நிலமிழக்காது, ஒரு தொழிலேனும் தொடங்கும்.

நிறைவாக

கல்லூரி வாயிலில் தன்னை மறைத்து நின்ற சிறுவன், இலண்டன் மாநகரில் தன் மக்களின் பெயரை உரக்கச் சொன்ன முதியவனாக உயர்ந்த வரலாறு இரட்டைமலை சீனிவாசனார் வரலாறு. அவ்வுயர்வு அவர் ஒருவர்க்கே உரியதாயிருந்திருந்தால் பட்டங்களோடு முடிந்திருக்கும். தம்மோடு தம் மக்களையும் உயர்த்த விரும்பியதால் அவர் பணி இன்னும் முடியவில்லை.

புள்ளலூரில் போர்க்களத்து நினைவுத் தூண்கள் உள்ளன. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் சேரிகளில் உழுதவர்க்கு எழுப்ப வேண்டிய நினைவுச் சின்னம் கல்லால் ஆவதன்று. அது ஒரு பட்டாவாக, ஒரு கிணறாக, ஒரு கடைப் பலகையாக, சொந்த வீட்டின் வாயிற்படியாக எழ வேண்டும். அதனை எழுப்பும் கைகளுள் நம் மாணவச் செல்வங்களின் கைகளும் இருக்க வேண்டுமென விழைகின்றோம்.